ரெட்டினா ரத்தக்குழாயை அழற்சி எப்படி கெடுக்குது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

ரெட்டினா கிளினிக்ல டை, அதாவது சாயத்தை ஊசியா போட்டு கண்ணுக்குள்ள படம் எடுக்குறது என்னோட வேலை. ஒருத்தருக்கு எடுத்து முடிக்கவே பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும், அந்த நேரத்துல பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க கேக்குற கேள்வி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், அதையெல்லாம் சேத்து நான் சொல்ற பதிலோட இங்க எழுதியிருக்கேன். உங்களுக்கு என்ன வைத்தியம்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், அவர் சொல்றது புரியுறதுக்கு இது உதவும்.

கண்ணு சிவக்கவே இல்ல, வலியும் இல்ல. அப்புறம் எப்படி அழற்சின்னு எழுதியிருக்காங்க?

எல்லாரும் முதல்ல கேக்குறது இதுதான். கண்ணோட முன்பக்கத்துல வலி உணர்ற நரம்பு ஏராளம், ஒரு தூசி விழுந்தாலே துடிச்சுப் போயிடுறோம். ரெட்டினாவுல, அதாவது விழித்திரையில, அந்த நரம்பே கிடையாது. அதுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அங்க குழாய் வீங்கினாலும் கசிஞ்சாலும் ஏன் அடைச்சே போனாலும் "வலிக்குது"ன்னு மூளைக்கு ஒரு சேதி போகாது. கண்ணோட முன்பாகமும் சேந்து பாதிச்சா சிவப்பு, கூச்சம், வலி எல்லாம் வரும்தான், ஆனா பின்னால மட்டும் நடந்துச்சுன்னா கண்ணாடியில பாத்தா கண்ணு பளிச்சுன்னுதான் இருக்கும். வலி இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு நினைக்கிற பழக்கம் நமக்கு ஊறிப் போச்சு, ரெட்டினா விஷயத்துல அது செல்லாது.

ரெட்டினா ரத்தக்குழாய்ல அப்படி என்ன விசேஷம்?

உடம்புல மத்த இடத்துல இருக்கிற நுண்குழாய் கொஞ்சம் ஓட்டையா இருந்தா பரவாயில்ல, தண்ணி கசிஞ்சு வெளிய வரும், வேற வழியா வடிஞ்சிடும். ரெட்டினா கால் மில்லிமீட்டர் கனம் இருந்தா பெரிசு, அதுக்குள்ள அடுக்கடுக்கா நரம்பு செல்லு, வெளிச்சம் அதெல்லாத்தையும் தாண்டி அடிவரைக்கும் போகணும். நடுவுல தண்ணி தேங்குச்சுன்னா பார்வை கலங்கிடும். அதனால அங்க உள்ள குழாயை மட்டும் ரொம்ப இறுக்கமா கட்டி வச்சிருக்கு உடம்பு. குழாயோட உள்சுவர் செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு தைச்ச மாதிரி ஒட்டியிருக்கும், ஓக்லூடின், கிளாடின்-5 மாதிரி புரதங்கதான் அந்தத் தையல். வெளியில பெரிசைட்னு ஒரு செல்லு குழாயைச் சுத்தி கை போட்டுப் பிடிச்சிருக்கும். உடம்புலயே பெரிசைட் ரொம்ப நெருக்கமா இருக்கிற இடத்துல ரெட்டினாவும் ஒண்ணு. அதுக்கும் வெளியில, நரம்பு செல்லுங்களைத் தாங்கி நிக்கிற முல்லர் செல்லோட கால்கள் வந்து அணைச்சு நிக்கும். இது மொத்தத்துக்கும் பேருதான் ரத்த-விழித்திரைத் தடுப்பு. அழற்சி வந்து கை வைக்கிறது இந்தத் தடுப்பு மேலதான்.

சரி, அழற்சி வந்தா குழாய்க்குள்ள என்னதான் நடக்குது?

இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க, மத்த பதில் எல்லாம் இதுல இருந்துதான் வருது.

சுகரோ கிருமியோ இல்ல உடம்போட எதிர்ப்பு சக்தியே தடம் மாறினதோ, ஏதோ ஒண்ணு ரெட்டினாவை உசுப்பி விடுது. அங்க மைக்ரோக்ளியான்னு காவல்கார செல்லுங்க இருக்கு, அது முழிச்சுக்கிட்டு டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6ன்னு அழைப்பு கொடுக்கிற ரசாயனங்களை விடும். அந்த அழைப்பு கேட்டதும் குழாயோட உள்சுவர் மாறிடும். இவ்வளவு நாள் வழவழன்னு இருந்த சுவர்ல ஐகாம்-1னு கொக்கி மாதிரி புரதம் முளைக்கும். ரத்தத்துல உருண்டு போற வெள்ளை அணு அந்தக் கொக்கில மாட்டி அப்படியே ஒட்டிக்கும்.

இங்க அளவு முக்கியம். ரெட்டினாவோட நுண்குழாய்க்குள்ள இருக்கிற இடம் சுமார் 5 மைக்ரான்தான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). சிவப்பணு 7, 8 மைக்ரான் இருக்கும், ஆனா அது மெத்துன்னு மடங்கி நுழைஞ்சு போயிடும். வெள்ளை அணு அதைவிடப் பெரிசு, விறைப்பும் அதிகம், சாதாரண நாள்லயே இடிச்சுப் பிடிச்சுத்தான் போகும். அது சுவர்ல ஒட்டிக்கிச்சுன்னா அந்தக் குழாய் அடைச்சுக்கும், பின்னால வர்ற ரத்தம் நின்னுடும், அந்தக் குழாயை நம்பி இருந்த நரம்பு செல்லுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. ஒட்டின அணு சும்மாவும் இருக்காது, கிருமியைக் கொல்ல வச்சிருக்கிற ரசாயனத்தை அங்கயே கக்கும், அது சுவர் செல்லையே அரிக்கும். தையல் விடும், தண்ணியும் புரதமும் கொழுப்பும் வெளிய கசியும்.

ஆக்ஸிஜன் போதாத ரெட்டினா இப்ப வி.ஈ.ஜி.எஃப்ங்கிற பொருளை விடும், "எனக்குப் புதுக் குழாய் வேணும்"னு கேக்குற மாதிரி. அந்தப் பொருளே குழாயை இன்னும் தளர விடும், இன்னும் கொக்கியை முளைக்க வைக்கும், இன்னும் வெள்ளை அணு வந்து ஒட்டும். சக்கரம் மாதிரி இது தானா சுத்த ஆரம்பிச்சிடும். முதல்ல உசுப்பி விட்டது போயிட்டாலும் சில நேரம் இது நிக்காம ஓடிட்டே இருக்கும். சீக்கிரம் பிடிக்கணும்னு நாங்க கத்துறதுக்கு காரணம் இதுதான்.

வெள்ளை அணு நம்மளைக் காப்பாத்தத்தானே இருக்கு?

ஆமா, கையில வெட்டுப்பட்டா அதேதான் காப்பாத்துது. வந்து வேலையை முடிச்சிட்டுப் போயிட்டா நல்லது. மாசக்கணக்கா அங்கயே உக்காந்திருந்தா அது காக்க வந்த இடத்தையே கெடுக்கும். கையில கொஞ்சம் தழும்பு விழுந்தா வேலை கெடாது, ரெட்டினாவுல விழுந்தா அந்த இடத்துல பார்வை போயிடும்.

எனக்கு சுகர் மட்டும்தான். அதுக்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கு, இதைப் பத்தி பல பேர்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. "சுகர் ஏறுனதால நரம்பு கெட்டுப் போச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க.

1961-ல கோகன், டூசாண்ட், குவாபரான்னு மூணு பேர் சுகர் இருந்தவங்களோட ரெட்டினாவை இறந்த பிறகு எடுத்து, ட்ரிப்சின் வச்சு மத்த திசுவை எல்லாம் கரைச்சு, குழாய் வலையை மட்டும் தனியா விரிச்சுப் பாத்தாங்க. பெரிசைட் இருக்க வேண்டிய இடத்துல பல எடம் காலி, கூடு மட்டும் இருந்துச்சு. பிடிச்சிருந்த கை விட்டதும் குழாய் அங்கங்க மொட்டு மாதிரி புடைச்சுக்கும், அதுதான் ரிப்போர்ட்ல மைக்ரோ அனியூரிசம்னு வர்றது. இன்னும் சில குழாய்ல செல்லே இல்லாம வெறும் உறை மட்டும் நூல் மாதிரி கிடந்துச்சு, ரத்தம் அதுல ஓடவே ஓடாது.

அப்புறம் 1964-ல ஒரு விஷயம் வந்துச்சு. மூட்டுவாதத்துக்காக சாலிசிலேட் மாத்திரை, அதாவது ஆஸ்பிரின் வகையறா, நிறைய சாப்பிட்டுட்டு இருந்த சுகர்காரங்களுக்கு ரெட்டினா பாதிப்பு குறைவா தெரியுதுன்னு பாவல், ஃபீல்டுன்னு ரெண்டு டாக்டர்ங்க எழுதினாங்க. அழற்சியைக் குறைக்கிற மருந்து கண்ணைக் காப்பாத்துதுன்னா அங்க அழற்சி இருக்குன்னுதானே அர்த்தம்? ரொம்ப வருஷம் அதை யாரும் பெரிசா எடுத்துக்கல. 2004-ல வந்த ஒரு ஆராய்ச்சியில, மேல சொன்ன கொக்கி இல்லாத எலிகளையும், வெள்ளை அணு மேல இருந்து அந்தக் கொக்கில மாட்டுற சி.டி.18ங்கிற வளையம் இல்லாத எலிகளையும் வச்சுப் பாத்தாங்க, சர்க்கரை அதிகமா இருந்தும் மத்த எலிகளுக்கு ஆன அளவு அதுங்க ரெட்டினா குழாய் கெடல. வெள்ளை அணு ஒட்டுறதைத் தடுத்தாலே பாதிப்பு குறையுதுன்னு அப்பதான் தெளிவாச்சு.

சர்க்கரை அதிகமா இருக்கும்போது அது புரதங்கள் மேல போய் ஒட்டிக்கிட்டு ஒரு கெட்ட கலவையா மாறும், அதைப் பாத்ததும் செல்லு "ஆபத்து"ன்னு நினைச்சு அழற்சி ஸ்விட்சைப் போடும். தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமா, வருஷக்கணக்கா இது நடக்கும்.

அப்ப ஆஸ்பிரின் போட்டா போதுமா?

போதாது. தினம் 650 மில்லிகிராம் கொடுத்து பெரிய அளவுல சோதிச்சாங்க, சுகர்காரங்க ரெட்டினாவுக்கு லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. இதயத்துக்காக டாக்டர் கொடுத்திருந்தா கண்ணுக்குப் பயந்து நிறுத்தாதீங்க, கண்ணுக்காகன்னு நீங்களாவும் ஆரம்பிக்காதீங்க.

எனக்கு சுகரே இல்ல, வயசும் கம்மி. ரெட்டினல் வாஸ்குலைட்டிஸ்னு சொல்றாங்க, அது என்ன?

குழாய்ச் சுவர்லயே நேரடியா அழற்சி வர்றது. சுகர்ல மெதுவா நடக்குறது இங்க சில வாரத்துல, சில பேருக்கு சில நாள்லயே நடந்துடும். டாக்டர் உள்ள பாத்தா குழாய் ஓரமா வெள்ளையா உறை போட்ட மாதிரி தெரியும், அது சுவரைச் சுத்தி வந்து குவிஞ்ச அழற்சி செல்லுங்க.

காரணத்தை மூணு பக்கமா தேடுவாங்க. கிருமின்னா காசநோய், சிஃபிலிஸ், ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ், டாக்ஸோபிளாஸ்மா. உடம்பு முழுக்க இருக்கிற எதிர்ப்பு சக்திக் கோளாறுன்னா பெஹ்செட், சார்காய்டு, லூபஸ் மாதிரி. மூணாவது, கண்ணுல மட்டும் வந்து காரணம் பிடிபடாம நிக்கிறது.

இதுல பெஹ்செட்ங்கிறது 1937-ல ஹுலுசி பெஹ்செட்னு துருக்கி தோல் டாக்டர் விவரிச்ச நோய். வாய்ல திரும்பத் திரும்ப புண்ணு, மறைவிடத்துல புண்ணு, கூடவே கண்ணுல அழற்சி. வாய்ப்புண்ணையும் கண்ணையும் யாரும் சேத்து யோசிக்க மாட்டாங்க, அதனால கேட்டா மட்டும்தான் சொல்றாங்க, தயவுசெஞ்சு கேக்காமலே சொல்லிடுங்க. கூச்சப்பட்டு மறைச்ச ஒரு புண்ணுனால நோய் பேர் தெரியவே மாசக்கணக்கு ஆனவங்களை நான் பாத்திருக்கேன்.

ஈல்ஸ் நோய்னு இன்னொண்ணு. 1880-ல ஹென்றி ஈல்ஸ்னு ஒரு ஆங்கிலேய டாக்டர், இளவயசு ஆம்பளைங்களுக்கு கண்ணுக்குள்ள திரும்பத் திரும்ப ரத்தம் கசியுறதைப் பாத்து எழுதினார். அவர் அதை அழற்சின்னு நினைக்கல, மலச்சிக்கல், மூக்குல ரத்தம் வர்றது இதுகூட எல்லாம் சேத்துத்தான் எழுதினார். ரெட்டினா ஓரத்துல சிரைங்க அழற்சியாகி அடைச்சு, அங்க புதுக் குழாய் முளைச்சு, அது உடைஞ்சு ரத்தம் வருதுன்னு பிற்பாடுதான் புரிஞ்சது. காசநோய்க் கிருமியோட இதுக்குத் தொடர்பு இருக்கும்னு ரொம்ப நாளாவே பேச்சு உண்டு.

சிரையில வர்றதும் தமனியில வர்றதும் ஒண்ணா?

இல்ல, டாக்டருக்கு அது ஒரு துப்பு. காசநோய், சார்காய்டு, ஈல்ஸ் இதெல்லாம் பெரும்பாலும் சிரையைப் பிடிக்கும். ஹெர்ப்பிஸ் வகை வைரஸ், லூபஸ் இதெல்லாம் தமனிப் பக்கம் போகும். பெஹ்செட் ரெண்டையும் விடாது.

டை டெஸ்ட்ல என்ன தெரியுது? மஞ்சளா மருந்து ஏத்துறாங்களே, பயமா இருக்கு.

ஃப்ளோரசின்னு ஒரு சாயம் அது, 1961-ல நோவோட்னி, ஆல்விஸ்னு ரெண்டு பேர் இதை வச்சு மனுஷக் கண்ணுல படம் எடுத்துக் காட்டினாங்க. கை நரம்புல ஏத்தின பத்துப் பதினஞ்சு செகண்ட்ல கண்ணுக்கு வந்துடும். நான் தினமும் பாக்குறதுதான், ஆனாலும் அந்த நேரம் மூச்சைப் பிடிச்சுட்டுத்தான் பாப்பேன். முதல்ல திரை கருப்பா இருக்கும், பின்னணி லேசா வெளுக்கும், அப்புறம் தமனி ஒவ்வொண்ணா வெள்ளிக் கம்பி மாதிரி பளிச்சுன்னு எரியும், அப்புறம் சிரையில ரெண்டு ஓரமும் மட்டும் கோடு போட்ட மாதிரி நிறைஞ்சு கடைசியில நடுவும் நிறையும். நல்ல குழாய்னா பத்து நிமிஷம் கழிச்சும் ஓரம் கத்தி வச்சு வெட்டின மாதிரி இருக்கும், சாயம் மங்கிட்டே போகும், வெளிய வராது. அழற்சி இருக்கிற குழாய்ல நேரம் ஆக ஆக ஓரம் கலைஞ்சு, ஈரத்தாள்ல மை ஊறுன மாதிரி பரவும். பெஹ்செட்ல சின்னச் சின்னக் குழாய் எல்லாம் கசிஞ்சு பெரணிச் செடி இலை மாதிரி ஒரு உருவம் வரும். அடைஞ்சு போன எடத்துல சாயமே போகாது, நிலப்படத்துல ஊரே இல்லாத பகுதி மாதிரி கருப்பா கிடக்கும்.

ஒரு நாள் தோல் லேசா மஞ்சளா இருக்கும், ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், அது சாயம் வெளிய போறதுதான். சில பேருக்கு ஒரு நிமிஷம் குமட்டும். அலர்ஜி அபூர்வமா வரும், அதனால முன்னாடி எந்த மருந்துக்காவது அலர்ஜி வந்திருந்தா கட்டாயம் சொல்லிடுங்க.

ஊசி இல்லாம எடுக்குற ஓ.சி.டி ஸ்கேன் தண்ணி தேங்கியிருக்கிறதையும் கனத்தையும் அருமையா காட்டும், ஓ.சி.டி ஆஞ்சியோ ரத்தம் ஓடுற குழாயைக் காட்டும், ஆனா கசியுறதைக் காட்டாது. அழற்சி இன்னும் உயிரோட இருக்கான்னு பாக்க டை டெஸ்ட்தான் வேணும்.

கசிவு, அடைப்பு, ரெண்டுல எது மோசம்?

அடைப்பு. நான் இந்தப் பக்கம் எழுதுறதே இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கசியுற குழாய் இன்னும் உயிரோட இருக்கு, மருந்து கொடுத்தா தையல் மறுபடி பிடிக்கும், தேங்கின தண்ணி வடியும், வாசிக்க முடியாம வந்தவங்க திரும்ப வாசிக்கிறாங்க. அடைஞ்சு செல்லு செத்துப் போன குழாயைத் திறந்து விடுற மருந்து இன்னிக்கு வரைக்கும் இல்ல. அந்த எடம் நடு ரெட்டினாவுல, மாகுலாவுல இருந்துச்சுன்னா பார்வை திரும்பாது. ஓரத்துல இருந்தா உடனே தெரியாது, ஆனா பட்டினி கிடக்கிற அந்த ஓரம் வி.ஈ.ஜி.எஃப்பை விட்டுட்டே இருக்கும், பலவீனமான புதுக் குழாய் முளைக்கும், ஒரு நாள் உடைஞ்சு கண்ணு முழுக்க ரத்தம் பரவும். அதைத் தடுக்கத்தான் ஓரத்துல லேசர் வைக்கிறாங்க, பார்வையைக் கூட்டுறதுக்கு இல்ல. "லேசர் வச்சும் பார்வை ஏறல"ன்னு வருத்தப்படாதீங்க, அதோட வேலை வேற.

ஸ்டீராய்டு கொடுத்தா உடனே அடங்கும்ங்கிறாங்க, ஆனா டாக்டர் ரத்த டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரேன்னு அலைய விடுறாரே?

அலைய விடல, சரியாத்தான் பண்றார். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், கூடவே எதிர்ப்பு சக்தியையும் அடக்கும். உள்ள காசநோயோ சிஃபிலிஸோ ஹெர்ப்பிஸோ இருந்து, அதுக்கு மருந்து இல்லாம வெறும் ஸ்டீராய்டு மட்டும் போச்சுன்னா கிருமிக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி. வைரஸ்னு சந்தேகம் வந்தா டெஸ்ட் ரிசல்ட்டுக்கே காத்திருக்காம வைரஸ் மருந்தை அன்னிக்கே ஆரம்பிப்பாங்க, அது அவ்வளவு வேகமா ரெட்டினாவைத் தின்னும். கிருமி இல்லைன்னு தெளிவானா ஸ்டீராய்டு, அப்புறம் நீண்ட நாளைக்கு மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் மாதிரி மாத்திரை, தேவைப்பட்டா டி.என்.எஃப்பைத் தடுக்கிற அடலிமுமாப் மாதிரி ஊசின்னு போவாங்க. ஸ்டீராய்டை நீங்களா பட்டுன்னு நிறுத்துறது மட்டும் வேண்டவே வேண்டாம், படிப்படியாத்தான் இறக்கணும்.

கண்ணுக்குள்ள போடுற ஊசி எந்த வகை?

ரெண்டு வகை. ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட், பெவாசிசுமாப் இதெல்லாம் வி.ஈ.ஜி.எஃப்பைப் பிடிச்சுக்கும், கசிவு குறையும், ஆனா வரிசையா சில தடவை போடணும். இன்னொண்ணு ஸ்டீராய்டு, டெக்ஸாமெத்தசோன் 0.7 மில்லிகிராம் இருக்கிற சின்னக் குச்சி ஒண்ணு இருக்கு, உள்ள கரைஞ்சு சில மாசம் வேலை செய்யும். அது அழற்சி ரசாயனங்களைப் பல பக்கமா அடக்கும், ஆனா கண்புரை சீக்கிரம் வரும், கண் பிரஷர் ஏறும், அதனால பிரஷர் செக்கப்பைத் தவற விடக் கூடாது.

ஊசி போட்ட பிறகு வலி கூடுறது, சிவப்பு கூடுறது, பார்வை மங்குறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே போகணும். கிருமி உள்ள போனதா இருக்கலாம், அபூர்வமா மருந்தே அழற்சியைக் கிளப்பலாம். 2019-ல வந்த புரோலுசிசுமாப்ங்கிற ஊசியில கொஞ்ச பேருக்கு ரெட்டினா குழாயே அழற்சியாகி அடைச்சது, அடுத்த வருஷமே அதுக்கு எச்சரிக்கை சேத்தாங்க.

ஊசி போட்டாச்சு. இனி சுகர், ரத்த பிரஷர் எல்லாம் அப்படி கறாரா பாக்கணுமா?

ஊசி புகையை அடக்குது, அடியில எரியுறது சுகரும் பிரஷரும். 1993-ல வந்த டி.சி.சி.டி ஆராய்ச்சியில, டைப் 1 சுகர் உள்ளவங்க கட்டுப்பாட்டை இறுக்கிப் பிடிச்சப்போ ரெட்டினா பாதிப்பு புதுசா வர்றது 76 சதவீதம் குறைஞ்சது, ஏற்கனவே இருந்தவங்களுக்கு முத்துறது 54 சதவீதம் குறைஞ்சது. 1998-ல இங்கிலாந்துல நடந்த ஆராய்ச்சியில டைப் 2 உள்ளவங்களுக்கு பிரஷரை நல்லா கட்டுப்படுத்தினதுலயே ரெட்டினா மோசமாகுறது 34 சதவீதம் குறைஞ்சது. ஒண்ணு மட்டும் கவனிங்க, ரொம்ப ஏறியிருந்த சுகரைத் திடீர்னு இறக்கும்போது முதல் வருஷத்துல ரெட்டினா கொஞ்சம் மோசமாகிற மாதிரி தெரியலாம். அதுக்குப் பயந்து மருந்தை விடாதீங்க, அந்த வருஷம் மட்டும் கண்ணை அடிக்கடி காட்டுங்க, நாளாவட்டத்துல கட்டுப்பாடுதான் ஜெயிக்கும்.

எப்ப உடனே ஓடணும்?

திடீர்னு கண்ணு முன்னால பூச்சி, நூல், புகை மாதிரி நிறைய மிதந்தா. திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைஞ்சா. நேர்கோடு வளைஞ்சு தெரிஞ்சா. ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால மட்டும் பாருங்க, ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண்ணு கெட்டதை மறைச்சிடும், இப்படித்தான் பல பேருக்கு தெரியாமலே போகுது. இதெல்லாம் எதுவுமே இல்லைன்னாலும் டைப் 2 சுகர்னு தெரிஞ்ச உடனே ஒரு தடவை கண் பாப்பாவை மருந்து விட்டுப் பெரிசாக்கிப் பாத்துடணும், டைப் 1-னா அஞ்சு வருஷத்துக்குள்ள, அப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளியில. போர்டுல கடைசி வரி வரைக்கும் படிக்கிறவங்க கண்ணுலயே நான் கசிவைப் பாத்திருக்கேன்.

பழைய ரிப்போர்ட், பழைய படம் எல்லாம் எதுக்கு எடுத்துட்டு வரச் சொல்றீங்க?

குழாய் ஓரத்துல இருக்கிற ஒரு வெள்ளை உறை, போன வருஷத்துப் படத்துலயும் அதே அளவுல இருந்தா அது ஆறிப் போன தழும்பு, இல்லாம இருந்து இப்ப வந்திருந்தா அழற்சி நடந்துட்டு இருக்கு. ஒரே ஒரு படத்தை வச்சு இதைச் சொல்றது கஷ்டம், மருந்தைக் கூட்டுறதா குறைக்கிறதான்னு முடிவு பண்றதே அந்த வித்தியாசத்துலதான். ஃபைலைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கவர் கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, அப்படியே எடுத்துட்டு வாங்க.